சர்க்கரை இருக்கிறதா? கண்ணாடிக் கடை டெஸ்ட் போதாது

போன மாதம் எங்கள் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டார். "அண்ணாச்சி, கண்ணாடிக் கடையில கம்ப்யூட்டர் டெஸ்ட் எடுத்தாச்சு. பவர் கொஞ்சம் ஏறியிருக்காம், அவ்வளவுதான். சுகருக்குன்னு தனியா வேற கண்ணைப் பார்க்கணுமா என்ன?" டீ ஆறிப்போகும் வரை அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்த பிறகும், இதை ஒழுங்காக எழுதி வைத்தால் இன்னும் நாலு பேருக்கு உதவுமே என்று தோன்றியது. எனக்கு இது யாரும் சொல்லாமல், தனியாக அலைந்து, ஒரு கண்ணில் பாதிப் பார்வையையும் சேமிப்பில் பெரும்பகுதியையும் கொடுத்துத் தெரிந்துகொண்ட விஷயம்.

நான் சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் கலர் பார்க்கிறவன். சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு நாலும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா, பார்ட்டி ஒப்புக்கொண்ட மாதிரி அச்சில் (புரூஃப்) இருக்கும் அதே சிவப்பு ஷீட்டில் விழுகிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பதுதான் பல வருடப் பிழைப்பு. சர்க்கரை இருப்பது ஓர் இலவச முகாமில் தெரிந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பக்கத்துத் தெரு டாக்டரிடம் போவேன். வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டபின் ஒன்று என்று லேப் சீட்டைக் காட்டினால் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, அதே மாத்திரையைப் போடுங்க" என்பார். மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை. நடக்கவும் நடந்தேன். அத்தனை வருடத்தில் அவர் என் கண்ணைப் பற்றியோ, காலைப் பற்றியோ, மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்ட்டைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசியது கிடையாது. நல்ல மனிதர், ஐம்பது ரூபாய்க்கு மேல் வாங்கமாட்டார். ஆனாலும் அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

எங்கள் ஊரில் ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வந்துவிட்டால் அதற்கப்புறம் மார்கழி வரை மூச்சுவிட நேரமிருக்காது. அப்படி ஒரு சீசனில்தான் இடது கண்ணில் கறுப்பு நூல் மாதிரி ஏதோ மிதக்க ஆரம்பித்தது. மெஷினில் தாள் ஒட்டாமலிருக்க அடிக்கும் பவுடர் கண்ணாடியில் படிந்திருக்கும் என்று துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். நூல் போகவில்லை. கண்ணை உருட்டினால் அதுவும் கூடவே உருண்டது. வலி இல்லை, சிவப்பு இல்லை, எரிச்சல் இல்லை. கண்ணாடிக் கடையில் காட்டியதற்கு, "புரை ஆரம்பமா இருக்கும், இப்ப ஒண்ணும் அவசரமில்லை" என்று சொல்லிப் புதுக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். அதற்கு இரண்டாயிரத்துச் சொச்சம். சில வாரம் கழித்து ஒரு காலையில் எழுந்தால் இடது கண் முழுக்கச் செம்புகை. கையை முகத்துக்கு நேரே பிடித்தால் அசைவது தெரிகிறது, விரலை எண்ண முடியவில்லை.

மனைவி தவறி சில வருடம் ஆகிறது. ஒரே மகள் ஓசூரில். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம், அதனால் சொல்லவில்லை. முதலாளியிடமும் சொல்லவில்லை. கலர் பார்க்கிறவனுக்குக் கண் போச்சு என்று ஒருமுறை வெளியே தெரிந்தால் இந்த ஊரில் வேறெங்கும் வேலை கிடைக்காது. வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டு மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் ஏறினேன். பாதி வழியில், வலது கண்ணும் இப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தபோது கை நடுங்க ஆரம்பித்தது. நிறுத்த முடியவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் தண்ணீர் கொடுத்தார்.

இந்த இடத்தில் ஒரு நடைமுறை விஷயம். கண்ணுக்குள் பின்பக்கத்தில் இருக்கும் விழித்திரையைப் பார்ப்பதற்குக் கண்மணி விரியும் சொட்டு மருந்து விடுவார்கள். அது விரிய முக்கால் மணி நேரம் ஆகலாம், வேலை செய்து முடிய நாலைந்து மணி நேரம் பிடிக்கலாம். அதுவரை கிட்டத்தில் எதையும் படிக்க முடியாது, வெயில் கண்ணைக் குத்தும், வண்டி ஓட்டவே கூடாது. நான் தனியாகப் போனதால் பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ்ஸின் பெயர்ப் பலகையும் தெரியாமல் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு நின்றேன். செல்போனில் நம்பர் தேடி யாரையும் கூப்பிடவும் முடியவில்லை. கூட ஆள் இருந்தால் அழைத்துப் போங்கள். இல்லையென்றால் கறுப்புக் கண்ணாடியும், முக்கியமான போன் நம்பர்களைப் பெரிய எழுத்தில் எழுதிய தாளும் எடுத்துப் போங்கள். காலையிலேயே போய்விடுங்கள், அரை நாளில் முடியும் வேலையில்லை.

டாக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னார். வருடக்கணக்கில் சர்க்கரை அதிகமாக இருந்தால் விழித்திரையில் இருக்கும் மயிரிழை ரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து, ஈரத்தாளில் மை பரவுவது போல உள்ளே இருப்பது கசியும். சில குழாய்கள் அடைத்தும் போகும். அடைத்த இடத்துக்கு ரத்தம் போதாததால் கண் தானே புதிய குழாய்களை முளைக்க வைக்கும். அவை பலமில்லாதவை, சும்மாவே உடையும். என் இடது கண்ணில் அப்படி ஒன்று உடைந்து ரத்தம் நடுவிலுள்ள ஜெல்லுக்குள் இறங்கியிருக்கிறது. உள்ளே எதுவும் தெரியாததால் அல்ட்ராசவுண்டு வைத்துப் பார்த்தார்கள். நல்லவேளை, விழித்திரை பிய்ந்திருக்கவில்லை. அதுவரை கேட்டது எனக்கு ஒரு மாதிரி புரிந்தது. அடுத்து அவர் சொன்னதுதான் தூக்கிவாரிப் போட்டது. வலது கண்ணிலும் புதுக் குழாய்கள் முளைத்திருக்கின்றனவாம். எந்த நேரமும் உடையலாமாம். சற்று முன்புதான் அதே வலது கண்ணால் சுவரில் இருந்த போர்டின் கடைசி வரி வரை ஓர் எழுத்து விடாமல் படித்திருந்தேன்!

பைண்டிங் நண்பருக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். கண்ணாடிக் கடையில் பார்ப்பது பவரை, விழித்திரையை இல்லை. போர்டைப் படித்துவிடுவதற்கும் விழித்திரை நன்றாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை. நடுப்பகுதியில் கசிவு இறங்கும் வரை, அல்லது குழாய் உடையும் வரை, நோயாளிக்கு ஒன்றுமே தெரியாது. நாற்பது வயது தாண்டிய சர்க்கரைக்காரர்களை இந்தியா முழுவதும் பார்த்து 2022இல் வெளியான ஓர் ஆய்வில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு இந்த விழித்திரைக் கோளாறு ஏதோ ஒரு கட்டத்தில் இருந்தது. பார்வையையே பறிக்கக்கூடிய கட்டத்தில் இருந்தவர்கள் 4 சதவீதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்தி 2023இல் வெளிவந்த கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சர்க்கரை உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல், தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது பொதுவாகப் பின்பற்றும் வழிமுறை, பெரியவயதில் வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை என்றால் கண்டுபிடித்தவுடனேயே ஒருமுறை, அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் பார்ப்பது. சிறுவயதிலேயே இன்சுலின் போட ஆரம்பித்த முதல் வகைக்கு, வந்து ஐந்து வருடத்துக்குள் தொடங்க வேண்டும்.

வலது கண்ணுக்கு முதலில் லேசர். அதற்கு முன்னால் கையில் மஞ்சள் சாயம் ஏற்றிப் படம் எடுத்தார்கள். ஒரு நாள் பூராவும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயந்துவிடாதீர்கள். லேசர் ஒரே உட்காரலில் முடியவில்லை, பிரித்துப் பிரித்துப் போட்டார்கள். மரத்துப்போகச் சொட்டு விடுவார்கள். பளீர் பளீர் என்று வெளிச்சம், நடுநடுவே கண்ணுக்குப் பின்னால் சுருக்கென்று ஒரு வலி. பொறுத்துக்கொள்ளலாம். தாங்கமுடியவில்லை என்றால் சொல்லுங்கள், நிறுத்திவிட்டுப் போடுவார்கள். முக்கியமான ஒன்று: லேசர் போட்டால் பார்வை அதிகமாகாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் அது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "போட்டும் தெரியலையே, ஏமாத்திட்டாங்க" என்று சண்டை போட்டுவிட்டு அடுத்த உட்காரலுக்கு வரவே இல்லை. 1970களிலேயே அமெரிக்காவில் பெரிய ஆய்வு நடத்தி, லேசர் போட்டால் கடுமையான பார்வை இழப்பு பாதிக்கும் மேல் குறைகிறது என்று காட்டிவிட்டார்கள். பதிலுக்கு நாம் கொடுப்பதும் உண்டு. ராத்திரிப் பார்வையும் ஓரப் பார்வையும் கொஞ்சம் மங்கும். இருட்டிய பிறகு நான் வண்டி எடுப்பதை விட்டுவிட்டேன்.

இடது கண்ணுக்கு, ரத்தம் தானாக வடிகிறதா என்று காத்திருக்கச் சொன்னார்கள். தலையணை இரண்டு வைத்து உயர்த்திப் படுத்தால் ரத்தம் கீழே தங்கி நடுப்பார்வை கொஞ்சம் தெளியும் என்றார்கள், அது உண்மைதான். இந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். பொன்னாங்கண்ணிச் சாறு, தேன் சொட்டு, இளநீரில் ஏதோ ஒரு கொட்டை. பொன்னாங்கண்ணியை நான் இன்றும் பொரியல் வைத்துச் சாப்பிடுகிறேன், நல்ல கீரை. ஆனால் உள்ளே தேங்கிய ரத்தத்துக்கு அது ஒன்றும் செய்யாது. தேனைக் கண்ணில் விட்டுப் புண்ணாக்கிக்கொண்டு வந்த அம்மாவை அதே ஆஸ்பத்திரியில் பார்த்தேன்.

அப்புறம், குழாய்க் கசிவை அடக்க ஊசி. கண்ணுக்குள் ஊசி என்றதும் எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. உண்மையில் ஊசியைவிட அதற்கு முன்னால் கிருமி போக விடும் அயோடின் சொட்டின் எரிச்சல்தான் அதிகம். மூன்று மருந்துகளின் பெயர்கள் சொன்னார்கள். பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அப்லிபெர்செப்ட். முதலாவது புற்றுநோய் மருந்தாக வந்தது, ஒரு குப்பியைப் பல பேருக்குப் பிரித்துப் போடுவதால் மலிவு. ரானிபிசுமாப்பின் இந்தியத் தயாரிப்பு 2015 முதல் கிடைக்கிறது, மூல மருந்தைவிட விலை குறைவு. மூன்றாவது விலை அதிகம். கவுன்சலிங் மேசையில் இருந்தவர் நேராக விலை கூடியதைத்தான் நீட்டினார். டாக்டர் அம்மாவிடமே போய், எனக்கு இது கட்டாயமா என்று கேட்டேன். கசிவால் விழித்திரையின் நடுப்பகுதி வீங்குவதற்கு இந்த மூன்றையும் ஒப்பிட்டு 2015இல் வந்த ஆய்வில், பார்வை லேசாகக் குறைந்தவர்களுக்கு மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தது, அதிகம் குறைந்தவர்களுக்குத்தான் முதல் வருடத்தில் அப்லிபெர்செப்ட் மேலாக இருந்தது என்று விளக்கிவிட்டு, உங்களுக்கு மலிவானதே போதும் என்று எழுதிக் கொடுத்தார். கேட்காமல் விட்டிருந்தால் ஒவ்வொரு ஊசிக்கும் இருபதாயிரத்துக்குக் குறையாமல் கூடுதலாகப் போயிருக்கும். ஊசிக்கு மறுநாள் வெள்ளை விழியில் ரத்தச் சிவப்பாகத் திட்டு இருந்தால் பயமில்லை. ஆனால் அடுத்த சில நாளில் வலி கூடினாலோ, வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசினாலோ, பார்வை மங்கினாலோ அது உள்ளே கிருமி போனதன் அறிகுறியாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அதேபோல் திடீரென்று கறுப்புப் புள்ளி மழை மாதிரி கொட்டினாலோ, மின்னல் வெட்டினாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல இருந்தாலோ அன்றைக்கே போய்விட வேண்டும்.

எனக்கு ரத்தம் முழுதாக வடியவில்லை. கடைசியில் உள்ளே இருக்கும் ஜெல்லை எடுக்கும் விட்ரெக்டமி ஆபரேஷன் செய்தார்கள். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, மரத்துப்போகும் ஊசி போட்டார்கள், முடிந்தது. இப்போது இடது கண்ணில் போர்டின் பாதி வரிகள் தெரிகின்றன. மஞ்சள் மட்டும் கொஞ்சம் வெளுத்துத் தெரிகிறது. கலர் பார்க்கும் வேலையை வலது கண்ணை வைத்தே ஓட்டுகிறேன், சந்தேகம் வந்தால் மையின் அடர்த்தியைக் காட்டும் டென்சிட்டோமீட்டர் வைத்து அளந்துகொள்கிறேன்.

பணக் கணக்கு. ஸ்கேன், லேசர், ஊசி, ஆபரேஷன், மருந்து, போக்குவரத்து எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. சீசன் ஓவர்டைம் போனது தனி. சம்பளம் 21,000க்குள் இருந்தவரை எனக்குத் தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ இருந்தது. சம்பளம் ஏறி அந்த வரம்பைத் தாண்டியதும் அது நின்றுபோனது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000க்குள் இருக்க வேண்டும், அதிலும் நான் இல்லை. என்னைப் போல நடுவில் மாட்டிக்கொள்கிறவர்கள் இந்த ஊர் அச்சகங்களில் ஏராளம். இஎஸ்ஐ கையில் இருக்கும்போதே கண், கிட்னி, இதயம் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இரண்டும் இல்லாதவர்கள் நேராகத் தனியாரிடம் ஓடாமல், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவில் லேசர், ஊசி உண்டா என்று முதலில் விசாரியுங்கள்.

தனியார் காப்பீடு ஒன்று வைத்திருந்தேன். ஊசிக்கான கிளெய்மை, 24 மணி நேரம் அட்மிட் ஆகவில்லை என்று தள்ளிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு மட்டும் பிடித்தம் போகக் கொடுத்தார்கள். ஏஜென்ட் கையை விரித்துவிட்டார். பிறகுதான் எனக்குத் தெரிந்தது, கண்ணுக்குள் போடும் ஊசி, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019இல் வெளியிட்ட நவீன சிகிச்சைகள் பட்டியலிலேயே இருக்கிறது. கம்பெனி அதற்கு உச்சவரம்பு வைக்கலாம், ஆனால் அடியோடு விலக்கி வைக்கக் கூடாது. அதைக் குறிப்பிட்டுக் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதியதும் ஒரு பகுதி வந்தது. அங்கேயும் மறுத்தாலோ, ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம், ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்று, பாலிசி எடுக்கும்போது சர்க்கரை இருப்பதை எழுதிவிடுங்கள். மறைக்கச் சொல்லும் ஏஜென்டை நம்பாதீர்கள். எழுதினால் காத்திருப்புக் காலம் இப்போதைய விதிப்படி அதிகபட்சம் மூன்று வருடம். எழுதாமல் மாட்டினால் பாலிசியையே ரத்து செய்யலாம்.

இதெல்லாம் முடிந்தபின் எங்கள் தெருப் பெண் ஒருத்தி இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறாள், அவளிடம் போனில் பேசினேன். "மாமா, இங்க சுகர்னு பதிவாயிட்டா, 12 வயசுக்கு மேல எல்லாருக்கும் கண்ணைப் படம் எடுக்கச் சொல்லி வீட்டுக்கே லெட்டர் வந்துடும்" என்றாள். அந்தத் திட்டத்தை 2003 முதல் அங்கே படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். 2014இல் வெளியான கணக்கைப் பார்த்தால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உழைக்கும் வயதினரின் கண் போவதற்கு ஐம்பது வருடமாக முதல் காரணமாக இருந்த சர்க்கரை விழித்திரை நோய் அந்த இடத்திலிருந்து இறங்கியிருந்தது. அதற்குப் புது மருந்து எதுவும் தேவைப்படவில்லை, ஒரு கேமராவும் ஒரு கடிதமும் பெரிய பங்கு வகித்திருக்கின்றன. இங்கே கிராமத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. உண்மையிலேயே பெரிய விஷயம். மாத்திரை கொடுக்க வரும் பெண்ணிடம், விழித்திரையைப் பார்க்க எங்கே போகணும் என்று இப்போது அம்மாவே கேட்கிறார்.

பிரஷர் என்றதும் ஞாபகம் வருகிறது. கண்ணுக்குச் சர்க்கரை மட்டும் எதிரியில்லை. 1998இல் பிரிட்டனில் வெளிவந்த யுகேபிடிஎஸ் என்ற நீண்டகால ஆய்வில், ரத்த அழுத்தத்தை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரை நோய் முற்றுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. எனக்கோ லேப் சீட்டைத்தான் பார்த்தார்களே தவிர, பட்டை கட்டிப் பிரஷர் பார்த்த நாட்கள் அபூர்வம். மதுரையில் பார்த்தபோது 160க்கு மேல். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கும் அல்புமின் டெஸ்ட்டையும் அங்கேதான் முதன்முதலில் எடுத்தார்கள். விழித்திரைக் குழாய் கெட்டிருந்தால் கிட்னியையும் பார்த்தாக வேண்டும் என்றார்கள். சிறுநீரில் புரதக் கசிவு ஆரம்பித்திருந்தது, அதற்கும் மாத்திரை உண்டு. இன்னொரு எச்சரிக்கை. கண் போகிறதே என்ற பயத்தில் பட்டினி கிடந்து, இன்சுலினை ஏற்றி, ஒரே மாதத்தில் சர்க்கரையை அதலபாதாளத்துக்கு இறக்கப் பார்க்காதீர்கள். ஏற்கெனவே கெட்ட விழித்திரை, திடீர் இறக்கத்தில் கொஞ்ச காலம் இன்னும் மோசமாகலாம். கட்டுப்பாடு வேண்டும்தான், ஆனால் சர்க்கரை டாக்டருக்கும் கண் டாக்டருக்கும் ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரிய வேண்டும். இரண்டு பேரின் சீட்டையும் ஒரே ஃபைலில் போட்டு இரண்டு இடத்துக்கும் தூக்கிப் போகிறேன்.

மகளுக்குப் பையன் பிறந்து தலை நின்ற பிறகுதான் சொன்னேன். அழுதாள், திட்டினாள். அப்புறம் அவள் சொன்னது, அவளுக்கும் மாசமாக இருக்கும்போது சர்க்கரை ஏறியிருந்ததாம், எனக்குச் சொன்னால் கவலைப்படுவேன் என்று மறைத்தாளாம். டாக்டரிடம் விசாரித்தேன். கர்ப்பத்தில் மட்டும் புதிதாக வரும் சர்க்கரைக்கு விழித்திரை டெஸ்ட் பொதுவாகத் தேவையில்லை. முன்பிருந்தே சர்க்கரை உள்ள பெண் கருத்தரித்தால்தான் நோய் வேகமாக முற்றும் வாய்ப்பு உண்டு, அவர்களுக்குக் கருத்தரிக்கும் முன்போ முதல் மூன்று மாதத்துக்குள்ளோ கண்ணைப் பார்த்துவிட்டு, அதற்கப்புறமும் தொடர்ந்து கவனிக்க வேண்டும். மகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மாசமாக இருந்தபோது சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், பிரசவம் முடிந்து ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தாள், நார்மல். இனி ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்குள் ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். குழந்தையின் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் அந்தத் தேதியையும் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.